வரைவை எழுதியது யார்?

(மருத்துவ மாணவர்களும் பொதுமக்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றே செப்பனிடப்பட்டது.)



அழைப்பிதழில் முதலில் ‘மதுவின் தீமைகள்’ என்றுதான் தலைப்புப் போட்டிருந்தார்கள். மாற்றித் தரும்படி கேட்டுக்கொண்டேன். மதுவின் தீமையை இந்த அவைக்கு நான் வந்து சொல்ல வேண்டியதில்லை. நம் தெருக்களில் உள்ள பெண்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள், பாடப்புத்தகம் இல்லாமலே. குடிப்பவரைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். இன்று விற்பவரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

லெசோதோ என்று ஒரு சிறிய மலைநாடு இருக்கிறது. நான்கு புறமும் தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்டது. சுமார் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பு அந்த நாடு தனக்கென்று ஒரு தேசிய மதுக் கொள்கையை எழுத முற்பட்டது. மலாவி, உகாண்டா, போட்ஸ்வானா ஆகிய நாடுகளிலும் ஏறக்குறைய அதே காலத்தில் அதே வேலை நடந்தது. நல்ல காரியம்தானே என்று தோன்றும். ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் காலனி ஆட்சிக் காலத்து உரிமச் சட்டங்களைத் தவிர மதுவைப் பற்றி வேறு ஏற்பாடே கிடையாது.

ஓய்ஸ்டைன் பக்கே, டாக் எண்டால் என்று நார்வே நாட்டவர் இருவர் இந்த நான்கு வரைவுகளையும் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்கள். நான்கு நாடுகள், நான்கு அரசுகள், வெவ்வேறு மொழி பேசும் மக்கள். ஆனால் வரைவுகள் நான்கும் ஏறத்தாழ ஒன்றே. அமைப்பு அதேதான், பல இடங்களில் வாக்கியம்கூட மாறவில்லை. நாட்டின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். லெசோதோ வரைவு அவர்களுக்குக் கணினிக் கோப்பாகவே கிடைத்திருந்தது. கோப்பின் பண்புகளைத் திறந்து பார்த்தால், எழுதியவர் என்ற இடத்தில் எஸ்ஏபி மில்லர் நிறுவனத்து அதிகாரி ஒருவரின் பெயர். எஸ்ஏபி மில்லர் அப்போது உலகின் மிகப் பெரிய பீர் நிறுவனங்களில் ஒன்று. லெசோதோவில் மலூட்டி மவுண்டன், உகாண்டாவில் நைல், போட்ஸ்வானாவில் கலகாடி என்று அந்த நாடுகளின் பீர் ஆலைகள் அதன் குடும்பத்தைச் சேர்ந்தவை. கொள்கை எழுதுவதற்கான பயிலரங்குகளை நடத்தியது அந்த நிறுவனமும், மதுத் தொழிலின் பணத்தில் வாஷிங்டனில் இயங்கிய ‘மதுக் கொள்கைகளுக்கான பன்னாட்டு மைய’மும். இந்த ஆய்வு 2010இல் ‘அடிக்‌ஷன்’ இதழில் வெளிவந்தது.

நிறுவனம் இதை மூடி மறைத்துச் செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பயிலரங்கில் சுகாதார அமைச்சக அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். நிபுணர் கட்டணம் கொடுக்க வசதியில்லாத ஏழை நாட்டு அமைச்சகத்துக்கு, விமானச் செலவு, விடுதிச் செலவு, தட்டச்சு செய்த வரைவு எல்லாம் சேர்த்து யாரோ கொண்டுவந்து கொடுத்தால், வேண்டாம் என்று சொல்ல மனம் வருமா? அதிகாரிகள் எல்லாரும் விலைபோய்விட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்கு ஆள் இல்லை, நேரம் இல்லை, நிதி இல்லை. அந்த இல்லாமைக்குள்தான் நிறுவனம் நுழைந்தது.

சரி, அந்த வரைவில் என்ன இருந்தது? மது வணிகம் நாட்டுப் பொருளாதாரத்துக்குத் தரும் நன்மை இருந்தது. மக்களுக்கு விழிப்புணர்வுக் கல்வி இருந்தது. தொழில்துறை தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. அரசும் நிறுவனங்களும் தோளோடு தோள் சேர்ந்து உழைக்கும் கூட்டு முயற்சி இருந்தது. விலை, கடைகளின் எண்ணிக்கை, விளம்பரம் ஆகியவற்றுக்கு மட்டும் உரிய இடமில்லை.

உலக சுகாதார நிறுவனம் குறைந்த செலவில் அதிகப் பலன் தரும் வழிகள் என்று மதுவுக்குச் சொல்வது மூன்றுதான். வரியை உயர்த்து. விளம்பரத்தை நிறுத்து. கிடைப்பதைக் கடினமாக்கு. இந்த மூன்றில் எதைச் செய்தாலும் விற்பனை குறையும். வரைவில் ஓரங்கட்டப்பட்டவை சரியாக இந்த மூன்றுமே. விழிப்புணர்வுக் கல்வியை மட்டும் தனியாகச் செய்தால் குடியின் அளவில் பெரிய மாற்றம் வராது என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் பல பத்தாண்டுகளாகக் குவிந்து கிடக்கின்றன. வரைவில் தாராளமாக இடம்பெற்றது அந்தக் கல்விதான்.

‘பொறுப்புடன் குடியுங்கள்’ என்று புட்டியில் அச்சடிக்கிறார்களே, அதையும் இங்கேயே பார்த்துவிடுவோம். எல்லாரும் உண்மையிலேயே அப்படிக் குடித்தால் தொழில் என்ன ஆகும்? இங்கிலாந்தில் இதைக் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். 2018இல் வந்த ஆய்வு அது. அரசு சொல்லும் வரம்புக்குள் எல்லாரும் நின்றுவிட்டால் மதுத் தொழிலின் வருவாயில் 38 சதவீதம் போய்விடும். அந்த ஆய்வின்படி வருவாயில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் வரம்பு மீறிக் குடிப்பவர்களிடமிருந்துதான் வந்தது. எந்த வணிகமும் தன் மிகச் சிறந்த வாடிக்கையாளரைக் கைவிடும்படி மனமாரப் பிரசாரம் செய்யாது. அந்த வாசகம் குடிப்பவருக்கான அறிவுரை என்று நினைக்கிறோம். நாளை ஏதாவது கேடு வந்தால் பழி யார் தலையில் விழ வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கும் ஏற்பாடு என்று நான் அதைப் படிக்கிறேன்.

ஏன் ஆப்பிரிக்கா? பணக்கார நாடுகளில் சந்தை நிறைந்துவிட்டது. பல இடங்களில் குடி குறைந்தும் வருகிறது. ஆப்பிரிக்காவில் வயது வந்தோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் குடிப்பதே இல்லை, அதிலும் பெண்கள். பொதுச் சுகாதாரம் படித்தவருக்கு இது பாதுகாக்க வேண்டிய செல்வம். நிறுவனத்தின் பங்குதாரருக்கோ இன்னும் அறுவடை செய்யப்படாத வயல். 2016இல் ஏபி இன்பெவ் நிறுவனம் எஸ்ஏபி மில்லரை வாங்கியது. 10,000 கோடி டாலருக்கும் மேற்பட்ட பேரம். உலக வணிக வரலாற்றின் மிகப் பெரிய கொள்முதல்களில் ஒன்று. ஆப்பிரிக்கச் சந்தை கைக்கு வருகிறது என்பதுதான் அந்தப் பேரத்தின் முக்கியக் கவர்ச்சி என்று அன்றைய வணிகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின.

ஏழையிடம் விற்க வேண்டுமானால் ஏழையின் கைக்கு ஏற்ற அளவில் விற்க வேண்டும். சாராயத்தைச் சிறு பிளாஸ்டிக் பாக்கெட்டில் அடைத்து விற்கும் பழக்கம் ஆப்பிரிக்கா முழுவதும் பரவியது. சட்டைப்பைக்குள் அடங்கும், பள்ளிக்கூடப் பைக்குள்ளும் அடங்கும். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். நம் ஊரில் ஷாம்பு பாக்கெட் எப்படிக் கிராமத்துக்குள் நுழைந்ததோ அதே வழி. மலாவி, டான்சானியா, உகாண்டா எனப் பல நாடுகள் ஒவ்வொன்றாக இதைத் தடை செய்தன. நைஜீரியாவின் கதை மட்டும் சொல்கிறேன். அங்கே உணவு மற்றும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பாக்கெட்டிலும் 200 மில்லிக்குக் குறைந்த புட்டிகளிலும் மது விற்பதற்கு 2024 பிப்ரவரியில் தடையை நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. பல ஆண்டு முன்னறிவிப்புக்குப் பிறகு வந்த தடை அது. உற்பத்தியாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். வேலை போய்விடும், முதலீடு முடங்கிவிடும் என்றார்கள். நாடாளுமன்றம் தலையிட்டது. அதே ஆண்டிலேயே தடைக்குத் தற்காலிக விலக்கு கிடைத்துவிட்டது.

வேலைவாய்ப்பு வாதத்தை நான் கேலி செய்யவில்லை. ஆலையில் வேலை செய்பவனின் சோறு உண்மையானது. சோளம் விற்ற விவசாயியின் பணமும் உண்மையானது. உகாண்டாவில் உள்ளூர்ச் சோளத்தில் காய்ச்சிய ஈகிள் என்ற பீரும், மொசாம்பிக்கில் மரவள்ளிக்கிழங்கில் காய்ச்சிய இம்பாலா என்ற பீரும் இந்த வாதத்தை முன்வைத்தே வரிச் சலுகை பெற்றன. விவசாயிக்கு வருமானம், கள்ளச்சாராயத்துக்கு மாற்று என்று இரண்டு நன்மைகள் சொன்னார்கள். சலுகையால் பீர் மலிவானது. அதுவரை பீர் வாங்க முடியாதவர்களும் வாங்கத் தொடங்கினார்கள். கணக்கில் இந்தப் பக்கத்தையும் எழுத வேண்டும் அல்லவா?

வரியைப் பற்றிப் பேசும்போது கானா நாட்டுச் செய்தி ஒன்று. தலைநகர் அக்ராவில் எஸ்ஏபி மில்லரின் பீர் ஆலை. அதன் அருகே சிறு கடை போட்டு உணவும் அதே ஆலையின் பீரும் விற்றுக்கொண்டிருந்தார் ஒரு பெண்மணி. ஆக்‌ஷன் எய்ட் அமைப்பு 2010இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அந்தப் பெண்மணி கட்டிய வருமான வரி ஆலை கட்டியதைவிட அதிகம். லாபம் பிராண்டுக் கட்டணமாகவும் மேலாண்மைக் கட்டணமாகவும் வரி குறைந்த நாடுகளுக்குப் போய்விடுகிறது என்று அறிக்கை சொன்னது. சட்டத்துக்கு உட்பட்டே நடந்துகொள்கிறோம் என்று நிறுவனம் மறுத்தது. இருக்கலாம். பொருளாதார நன்மை என்று வரைவில் எழுதப்பட்ட பத்திக்குப் பக்கத்தில் இதையும் வைத்துப் படியுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

மருத்துவ மாணவர்களுக்காகக் கொஞ்சம். உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, 2019ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 26 லட்சம் பேர் மதுவால் இறந்தார்கள் என்கிறது. இந்த எண்ணைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ஒரு லிட்டர் மதுவுக்கு எத்தனை சாவு என்று கணக்கிட்டால், அதிகம் குடிக்கும் ஐரோப்பாவைவிடக் குறைவாகக் குடிக்கும் ஆப்பிரிக்காவில் சேதம் அதிகம். ஏழையின் உடம்பில் மது தனியாக இறங்குவதில்லை. மிகையாகக் குடிப்பவருக்குக் காசநோய் வரும் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு. எச்ஐவி மருந்தைத் தவறாமல் எடுப்பது குலைகிறது. விபத்து நடந்தால் ஆம்புலன்ஸ் வருவதில்லை. சம்பாதிப்பவர் படுத்தால் அந்த வாரமே அடுப்பு அணைகிறது. ஐரோப்பாவில் ஒருவரை மருத்துவமனையில் சேர்க்கும் அதே அளவு குடி, ஆப்பிரிக்காவில் ஒரு குடும்பத்தையே சாய்த்துவிடுகிறது.

தென்னாப்பிரிக்காவில் கொரோனா காலத்தில், யாரும் திட்டமிடாத ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. 2020 மார்ச் இறுதியில் மது விற்பனையை முழுமையாக நிறுத்தினார்கள். ஜூனில் திறந்தார்கள். விபத்துச் சிகிச்சைப் பிரிவுகள் வெட்டுக்குத்தும் விபத்துமாக மறுபடி நிரம்பின. கொரோனா நோயாளிக்குக் கட்டில் வேண்டுமே என்று ஜூலையில் திடீரென்று மீண்டும் தடை. ஊரடங்கின் மற்ற விதிகள் பெரிதாக மாறாத நேரத்தில் வந்ததால், மதுவின் விளைவை மட்டும் தனியே பிரித்துப் பார்க்க ஆய்வாளர்களுக்கு அது வாய்ப்பானது. இரண்டாவது தடை நீடித்த ஐந்து வாரங்களில், விபத்து, கொலை, தற்கொலை போன்ற இயற்கைக்கு மாறான சாவுகள் குறைந்தது 14 சதவீதம் குறைந்தன என்று கண்டார்கள்.

அப்போது தொழில்துறை என்ன செய்தது? அந்நாட்டின் பெரிய பீர் நிறுவனம் 250 கோடி ராண்ட் முதலீட்டை ரத்து செய்வதாக அறிவித்தது. பின்னர் தடையை எதிர்த்து நீதிமன்றத்துக்கும் போனது. அதே நாட்டில் மது விளம்பரத்தைத் தடை செய்யும் மசோதா ஒன்றுக்கு 2013இல் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அது சட்டமாகவே இல்லை. இந்த நாட்டில்தான், மேற்கு கேப் மாநிலத் திராட்சைத் தோட்டங்களில், கூலியின் ஒரு பகுதியை வைனாகவே அளந்து கொடுக்கும் ‘டொப்’ முறை தலைமுறை தலைமுறையாக இருந்தது. தாயின் குடியால் கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம், உலகில் பதிவான மிக உயர்ந்த அளவுகளில், இன்றும் அந்தப் பகுதியில்தான். முறை ஒழிந்துவிட்டது; அதன் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அறிவியலும் மது நிறுவனங்களின் கையிலிருந்து தப்பவில்லை. தினமும் ஒரு கோப்பை குடிப்பது இதயத்துக்கு நல்லதா என்று பார்க்க அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 10 கோடி டாலர் செலவில் ஓர் ஆய்வு தொடங்கியது. அதன் களங்களில் ஒன்று நைஜீரியாவில் இருந்தது. பணத்தின் பெரும்பகுதி ஐந்து மது நிறுவனங்களிடமிருந்து வந்தது. ஆய்வாளர்களே அவர்களிடம் போய்ப் பணம் கேட்டிருக்கிறார்கள். மிதமான குடி ஆரோக்கியமானது என்று காட்டும் சாய்வு திட்டத்திலேயே இருந்தது. 2018இல் செய்தி வெளிவந்ததும் ஆய்வு நிறுத்தப்பட்டது. மதுவைப் புற்றுநோய்க் காரணி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது 1988இல். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நடந்தது இது.

புகையிலையோடு ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகும். புகையிலைக் கட்டுப்பாட்டுக்கு 2005இல் நடைமுறைக்கு வந்த உலக உடன்படிக்கை இருக்கிறது. சுகாதாரக் கொள்கையைத் தொழில்துறையின் சுயநலத்திலிருந்து காக்க வேண்டும் என்று அதன் 5.3ஆம் பிரிவு அரசுகளைக் கட்டுப்படுத்துகிறது. சிகரெட் நிறுவனம் எழுதிய கொள்கை வரைவை இன்று எந்தச் சுகாதார அமைச்சகமும் வெளிப்படையாகக் கையில் வாங்காது. மதுவுக்கு அப்படியோர் உடன்படிக்கை இல்லை. மது பற்றி உலக சுகாதார நிறுவனத்தில் 2010இல் ஏற்கப்பட்ட உலக உத்தி நாடுகளைக் கட்டுப்படுத்தாது. அதே ஆண்டு தாய்லாந்து, புட்டிகளில் எச்சரிக்கைப் படம் போட முயன்றது. உலக வணிக அமைப்பின் குழுவில் மது ஏற்றுமதி செய்யும் நாடுகள் வரிசையாக எழுந்து ஆட்சேபித்தன.

ஆனாலும் எதிர்த்து நின்றவர்கள் உண்டு. போட்ஸ்வானாவின் அதிபர் இயன் காமா 2008இல் 70 சதவீதச் சிறப்பு வரி கேட்டு, கடைசியில் 30 சதவீதத்தில் தொடங்கி, பிறகு படிப்படியாக உயர்த்தினார். இலங்கை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் மது, புகையிலை இரண்டின் விளம்பரத்தையும் ஒரே வீச்சில் தடை செய்தது. மலாவி அந்த இரவல் வரைவை ஒதுக்கிவிட்டு, தொண்டு அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு புதிதாக எழுதத் தொடங்கி, 2017இல் தன் சொந்தக் கொள்கையை ஏற்றது. உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று அது.

இனி நம் வீடு. இந்தியாவில் தொலைக்காட்சியில் மது விளம்பரம் கிடையாது. அதே பெயரில் சோடா உண்டு, இசைத்தட்டு உண்டு. அந்த இசைத்தட்டைக் கடையில் வாங்கியவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.

தமிழ்நாட்டில் நிலைமை ஆப்பிரிக்காவைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது. அங்கே நிறுவனம் அரசின் வேலையைச் செய்தது. இங்கே அரசு நிறுவனத்தின் வேலையைச் செய்கிறது. அரசு நிறுவனமான டாஸ்மாக் 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது. அந்த ஆண்டு அரசுக்குக் கிடைத்த மது வருவாய் 4,000 கோடி ரூபாய்க்குக் கீழே. இப்போது 48,000 கோடியைத் தாண்டியிருக்கிறது. வரியும் அவர்களே, கடையும் அவர்களே, கடை நேரத்தை முடிவு செய்பவரும் அவர்களே. கட்டுப்படுத்தும் துறையின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. 2020 மே 7 அன்று ஊரடங்குக்கு நடுவே கடைகள் திறந்தபோது ஒரே நாளில் சுமார் 170 கோடி ரூபாய்க்கு விற்றது. மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றத்துக்கு ஓடித் தடை வாங்கியது தனியார் ஆலை அல்ல, டாஸ்மாக்.

கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும் என்ற வாதம் நமக்கும் பழக்கம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்தபோது, மாநிலம் முழுக்கக் கடைகள் திறந்துதான் இருந்தன. குவார்ட்டருக்குக் காசில்லாதவன்தான் பாக்கெட் சாராயத்தை நாடினான். அதைத் தடுக்க வேண்டிய காவல் வேலையை, கடை நடத்துவதால் செய்துவிட முடியாது. முழு மதுவிலக்கு ஒரே நாளில் வேண்டும் என்று கேட்பவனும் அல்ல நான். அதன் வரலாறு எனக்குத் தெரியும். ஆனால் கடை நேரத்தைச் சுருக்கலாம், கடைகளைக் குறைக்கலாம், சின்ன அளவுப் பொட்டலங்கள் வராமல் பார்த்துக்கொள்ளலாம். 2023இல் 90 மில்லி அட்டைப் பெட்டி பற்றிய யோசனை அமைச்சர் வாயிலிருந்தே வந்தது நினைவிருக்கும். கூலிக்காரர் நலனுக்காக என்றார்கள்.

மது வருவாய் இல்லாமல் அரசு எப்படி நடக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். வருவாயில் ஓட்டை விழுந்தது. அதை அடைக்கத்தான் 1939இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியே வந்தது. மதுவுக்குப் பதிலாக வந்த அந்த வரி நிலைத்துவிட்டது. அதற்குப் பக்கத்திலேயே மது வருவாயும் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒவ்வோர் ஆண்டும் மானியக் கோரிக்கையின்போது மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை சட்டமன்றத்தில் ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கிறது. விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் துறையே கொள்கையையும் எழுதுகிறது. அந்த வேலையில் பொதுச் சுகாதாரத் துறைக்குச் சம இடம் வேண்டும் என்பது என் கோரிக்கை. அரசு மருத்துவமனைகளில் மதுவால் கல்லீரல் கெட்டு இறந்தவர்களின் எண்ணிக்கை, மாவட்ட வாரியாக, வருவாய் எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சாக வேண்டும். புதிய கடைக்கோ புதிய அளவுக்கோ அனுமதி தரும்முன் ஆலை முதலாளிகள் யார், எந்த அதிகாரியைச் சந்தித்தார்கள் என்பதும் வெளியாக வேண்டும். இந்த விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இன்றே கேட்கலாம். கேள்வியைப் பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். ஆகவே மாவட்டம், ஆண்டு, நோய்க்குறியீடு என்று பிரித்துக் கேட்க வேண்டும். மாணவர்களில் யாருக்காவது விருப்பமிருந்தால் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். பத்து ரூபாய் கட்டணம், ஒரு வெள்ளைத் தாள். மனுவை உட்கார்ந்து தயார் செய்துவிடலாம்.